வெண்சிறகன் என்ன பெறும்?

பழைய புத்தக வியாபாரத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு, விலை மதிப்பது பற்றி ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். எழுத உட்கார்ந்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. உங்களுக்கு உபயோகப்படக்கூடிய எதை நினைத்தாலும் அதற்குள் சுருவிலார் வந்து நிற்கிறார். அவரை விட்டுவிட்டும் எழுதிப் பார்த்தேன். கம்பி துருப்பிடித்திருந்தால் இவ்வளவு குறையுங்கள், அட்டை கிழிந்திருந்தால் இவ்வளவு குறையுங்கள் என்று ஒரு பக்கம் வந்தது. அதை வாசித்த என் மனைவி, "இது பரியாரியார் பத்தியம் சொன்ன மாதிரியெல்லோ கிடக்கு" என்றாள். ஆகவே அந்த மனிதரையும் சேர்த்தே எழுதுகிறேன். மனமில்லாமல்தான்.

அவர்மேல் எனக்குப் பொறாமை. இருந்தது என்று சொல்லி உங்களிடம் நல்ல பெயர் வாங்க நான் விரும்பவில்லை. இன்னும் இருக்கிறது.

எண்பதுகளில் ஊர்காவற்றுறையில், துறைக்குப் போகும் தெருவில் எனக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. பாடப்புத்தகம், நாவல், பழைய சஞ்சிகை எல்லாம் வைத்திருந்தேன். ஆனால் கடைக்குப் பெயர் எடுத்துத் தந்தவை இந்தியாவிலிருந்து வந்த காமிக்ஸ் புத்தகங்கள். தலைமன்னாரிலிருந்து ஓடிய கப்பல் நின்றபிறகு புதுப் புத்தகம் வருவது அருந்தலாகிவிட்டது. இருந்தவற்றையே தீவுப்பகுதி முழுவதும் மாற்றி மாற்றி வாசித்தது. விலை மதிக்கும் வேலை அப்போதுதான் பிறந்தது. கையில் காசோடு வருபவர்கள் குறைவு. ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "அண்ணை, இது என்ன பெறும்?" என்று கேட்பார்கள். இன்ன புத்தகம் என்றால் இன்னொன்றில் மூன்று பெறும், ஒரு சைக்கிள் டைனமோ பெறும் என்று நான் சொல்லவேண்டும். 'வெண்சிறகன்' பொங்கல் மலர் ஒன்றைக் கொடுத்து ஆட்டுக்குட்டி வாங்கியவரை எனக்குத் தெரியும். ஆடு கொஞ்ச நாளில் செத்துப்போயிற்று. புத்தகம் இன்னும் நன்றாக இருக்கிறது.

வெண்சிறகன் யாரென்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். வெள்ளை மேலங்கி போட்டுக்கொண்டு விமானத்திலிருந்து குதிக்கும் துப்பறிவாளன். அவன் கதை ஒரே வரிசையில் மாதாமாதம் வந்து, பிறகு நின்றுபோனது. முழு வரிசையும் வைத்திருப்பவர் என்று எங்கள் பக்கத்தில் ஒருவரையும் சொல்ல முடியாது. வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் ஐந்து ஐந்தாகச் சேர்த்துத் தைத்து, அட்டையைப் பிய்த்தெறிந்துவிட்டுத் தடித்த காட்போட் ஒட்டிவிட்டன. அப்படித் தைத்தவை வாசிக்க உதவும், சேர்க்க உதவாது.

தீவுப் புத்தகத்தை மதிக்க இரண்டு விஷயம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஒன்று, மணம். எங்கள் ஆட்கள் பூச்சி வராமலிருக்கப் புத்தகங்களுக்கிடையில் புகையிலைச் சருகு வைப்பார்கள். பூச்சி வராது, ஆனால் தாளில் மண்ணிறக் கறை விழும். மற்றது, நடுவில் தைத்திருக்கும் கம்பி. உப்புக்காற்றில் கிடந்த புத்தகத்தின் கம்பி துருப்பிடித்தே இருக்கும். தீவில் கிடந்த புத்தகத்தில் கம்பி பளபளத்தால் யாரோ அதைக் கழற்றியிருக்கிறார்கள், உள்ளிருந்து ஒரு தாள் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். துருவைக் கண்டு சந்தோஷப்படும் தொழில் நம்முடையது ஒன்றுதான்.

இந்த இரண்டையும் கண்டுபிடித்தவன் நான். தீவில் வேறு யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், இவ்வளவும் தெரிந்த என்னிடம் விலை கேட்டுவிட்டு, ஆட்கள் நேரே சைக்கிளை மிதித்துக்கொண்டு சுருவிலுக்குப் போவார்கள்.

சுருவிலில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தார் அந்த மனிதர். பெயரைச் சொல்லாமல் ஊரைச் சொல்லியே எல்லோரும் அவரைச் சுருவிலார் என்றார்கள். கையில் எப்போதும் கிறீஸ். அந்தக் கையோடேயே புத்தகத்தை வாங்கிப் புரட்டுவார். கம்பியைப் பார்க்கமாட்டார், மணந்து பார்க்கமாட்டார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசிப்பார். நடுவில் சிரிப்பார். வந்தவருக்குத் தேத்தண்ணி வரும். கடைசியில் ஒரு விலை சொல்வார். அது எப்போதும் நான் சொன்னதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். ஊரெல்லாம் அவர் சொன்னதைத்தான் விலை என்றது.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? சொல்லுங்கள். என் மனைவியின் தம்பி, என் சொந்த மச்சான், என் வீட்டில் சோறு தின்றுவிட்டுத் தன் புத்தகத்தைச் சுருவிலுக்குக் கொண்டுபோனான். ஏன் என்று கேட்டால், "அத்தான், நீங்கள் புத்தகத்தைப் பாக்கேக்கை எனக்கு வருத்தம் வந்து டாக்குத்தர் பாக்கிறமாதிரிக் கிடக்கு. அந்தாள் பாத்தா ஒரு சந்தோசம்" என்றான். மனைவி குசினிக்குள் நின்று, "அந்த மனுசன் நல்லாக் கதைக்கும் எண்டு எல்லாரும் சொல்லுகினம்" என்றாள். அன்றைக்கு நான் மீன்குழம்பைத் தொடவில்லை. சைக்கிளுக்குக் காற்றுப் போனபோது வேலணைக்கே உருட்டிக்கொண்டு போனேனே தவிர, சுருவிலில் நிறுத்தவில்லை.

சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த காலத்தில், புளியங்கூடலைச் சேர்ந்த ஒருவர் சுவிசிலிருந்து வீட்டுக்கு வந்தார். சின்ன வயதில் வெண்சிறகன் வாசித்து வளர்ந்தவர். முழு வரிசையும் வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தார். நெடுந்தீவில் ஒருவரிடம் அது முழுதாக இருக்கிறது என்று தகவல் வந்தது. அவர் பெயர் அன்ரன். இருபத்தைந்து வயதிருக்கும். மற்றவர்களின் மாடுகளைப் பார்த்துச் சீவிக்கிறவர். தகப்பன் விட்டுப்போன வள்ளம் ஒன்று எஞ்சின் இல்லாமல் கரையில் கவிழ்ந்து கிடந்தது. சுவிஸ்காரரின் தகப்பனும் கடலுக்குப் போனவர். அவருடைய சின்ன எஞ்சின் ஒன்று, அதிகம் ஓடாதது, புளியங்கூடல் வீட்டுக் கொட்டிலில் அவருடைய வலைக்குப் பக்கத்தில் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது. அன்ரன் கேட்டது அதைத்தான். பெட்டிப் புத்தகத்துக்கு எஞ்சின். அந்த நாளில் அப்படி ஒரு எஞ்சின் தேடினாலும் கிடைக்காது. அது கிடைத்தால் அன்ரன் தன் வள்ளத்தில் தானே கடல்தொழிலுக்குப் போகலாம். கிடைக்காவிட்டால் கடைசிவரை மற்றவன் மாட்டின் பின்னால்தான்.

சுவிஸ்காரர் விபரமான ஆள். என்னிடம் வந்து, "அண்ணை, நீங்களும் சுருவிலாரும் வந்து பாருங்கோ. ரெண்டு பேரும் ஒரே வாயா அது எஞ்சின் பெறும் எண்டு சொன்னாக் குடுக்கிறன். இல்லாட்டி வேண்டாம்" என்றார்.

"நான் ஒருத்தன் காணாதோ?" என்று கேட்டேன்.

"காணும் அண்ணை. எண்டாலும் சுருவிலார்..." என்று இழுத்தார். அந்த இழுவை இன்னும் என் காதில் இருக்கிறது.

குறிகட்டுவானிலிருந்து மூன்றுபேரும் வள்ளம் ஏறினோம். நயினாதீவைக் கடந்ததும் கடல் எழும்பியது. நான் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தேன். சுருவிலார் கடதாசிச் சரையிலிருந்து வடை எடுத்துத் தின்றுகொண்டு, ஓட்டியோடு எஞ்சினைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தார். எனக்கும் ஒரு வடை நீட்டினார். நான் பார்த்த பார்வையில் அதைத் திரும்பச் சரைக்குள் வைத்துவிட்டார்.

இறங்குதுறையிலிருந்து உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி அன்ரன் வீட்டுக்குப் போனோம். சுற்றிலும் கல்லடுக்கிய மதில், உள்ளே ஒரு கிணறு, ஓலை வேய்ந்த வீடு. அன்ரன் கழுவிய சேட்டுப் போட்டு, தலை வாரி, வாசலில் நின்றார். றங்குப் பெட்டியைத் திறந்ததும் புகையிலை மணம் அடித்தது. சருகைத் தாளோடு படவிடாமல் இடையில் பழைய பேப்பர் வைத்திருந்தார். கறை இல்லை. அட்டைகள் எல்லாம் இருந்தன. கம்பிகள் எல்லாம் ஒழுங்காகத் துருப்பிடித்திருந்தன. நான் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனேன். உங்களுக்குச் சொல்கிறேன், அப்படி ஒரு பெட்டியைத் திரும்ப நான் காணவேயில்லை. அதைச் சேர்த்து வைத்திருந்ததற்காக அன்ரனிலும் எனக்குக் கொஞ்சம் பொறாமை வந்தது.

கடைசியில் முதலாம் இலக்கம் வந்தது. வரிசையின் உயிரே அதுதான். கம்பி பளபளத்தது.

"இந்தக் கம்பியை ஆர் மாத்தினது?" என்றேன்.

"நான்தான் அண்ணை" என்றார் அன்ரன். மறைக்கவில்லை. "எனக்கு வரேக்கையே நடுத்தாள் இல்லை. வெண்சிறகனைக் கிணத்துக்கை தள்ளிவிடுவாங்கள். அடுத்த பக்கத்திலை ஆள் வெளியிலை நிக்குது. எப்பிடி வந்தது எண்டு தெரியாமல் எனக்கு நித்திரையே இல்லை. அதாலை ஒரு தாளிலை நானே படம் கீறி வைச்சுத் தைச்சனான்."

விரித்துப் பார்த்தேன். நீல மையால் கீறிய நாலு பக்கம். கோடு நேர், எழுத்துத் துப்பரவு. ஆனால் கையால் கீறியது கையால் கீறியதுதான். முதலாம் இலக்கத்தில் நடுத்தாள் இல்லையென்றால் அந்தப் புத்தகம் பாதிகூடப் பெறாது. அது பாதியானால் வரிசை முழுதல்ல. வரிசை முழுதல்ல என்றால் எஞ்சின் பெறாது. நம்முடைய தொழிலில் இதற்கு இரண்டாம் பேச்சு இல்லை.

சுவிஸ்காரர் எங்கள் இருவரையும் பார்த்தார். சுருவிலார் என்னைப் பார்த்து, "நீர் முதல் சொல்லும்" என்றார்.

சொன்னேன். மற்ற எல்லாம் முதல்தரம், இந்த ஒரு தாள் இருந்திருந்தால் எஞ்சின் தாராளமாகப் பெறும், இப்போது பெறாது என்றேன். அன்ரன் தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. "அதுக்கென்ன அண்ணை, உள்ளதைத்தானே சொல்லுறியள்" என்றார். பிறகு மதிலுக்கு மேலால் கடற்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

சுருவிலார் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். அன்றைக்குக் கையில் கிறீஸ் இல்லை, வடை எண்ணெய்தான். சாவகாசமாகக் குந்தியிருந்து வாசித்தார். நடுத்தாள் வந்ததும் சிரிக்கத் தொடங்கினார். ஒருவனுடைய சீவியம் தொங்கிக்கொண்டு நிற்கும்போது இவருக்கு என்ன சிரிப்பு?

"தம்பி, இஞ்சை வாரும். இதை வாசியும்" என்று சுவிஸ்காரரைக் கூப்பிட்டார்.

அன்ரன் கீறிய நாலு பக்கத்தில், வெண்சிறகன் விழுந்த கிணறு நெடுந்தீவுக் கிணறு. சுற்றிவரக் கல்மதில். தண்ணி அள்ள வருகிறான் ஒரு மாட்டுக்காரன். துலாவில் கட்டிய ஓலைப் பட்டையைக் கிணற்றுக்குள் விடுகிறான். பாரமாக இருக்கிறது. இழுத்தால் பட்டைக்குள் வெண்சிறகன். மேலங்கி நனைந்துபோய் நிற்கும் அவனைப் பார்த்து மாட்டுக்காரன், "தண்ணியைக் கலக்கிப்போட்டீரே காணும்" என்று ஏசுகிறான்.

சுவிஸ்காரர் வாசித்தார். திரும்ப வாசித்தார். "உண்மையான புத்தகத்திலை ஒரு கயிறு மேலாலை வரும் அண்ணை" என்றார். "நான் சின்னனிலை, கயிறு எங்காலை வந்தது எண்டு ஐயாவைக் கேட்டுக் கேட்டு அடி வாங்கினனான். இது... இதுதான் சரி." வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்தார்.

"ஊர்காவற்றுறையார் சொன்னது முழுக்கச் சரி" என்று என்னைக் காட்டிச் சொன்னார் சுருவிலார். "ஒரு தாள் குறையுது. ஆனா அந்தத் தாள் இருக்கிற முதலாம் இலக்கம் எங்கையாவது இன்னொண்டு கிடக்கும். இந்தத் தாள் இருக்கிறது இது ஒண்டுதான். நான் எண்டால் எஞ்சினோடை கொட்டிலிலை கிடக்கிற வலையையும் குடுப்பன்."

சுவிஸ்காரரின் சிரிப்பு நின்றது. விபரமான ஆள் என்று சொன்னேனே. என் பக்கம் திரும்பி, "அண்ணை, நீங்கள் என்ன சொல்லுறியள்? ரெண்டு பேரும் ஒரே வாயாச் சொல்லவேணும்" என்றார்.

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் ஆறுதலாக வாசியுங்கள். என் வாயில் 'ஏலாது' என்ற சொல் தயாராக இருந்தது. தொழில் முறைப்படியும் அது சரி. நான் அதைச் சொல்லியிருந்தால் ஒருவரும் என்னைக் குறை சொல்ல முடியாது. அன்ரன்கூடச் சொல்லமாட்டார். சுருவிலார் முதல்தடவையாக எனக்கு முன்னால் தோற்றிருப்பார். அதை நினைக்கவே எனக்கு இனித்தது. அந்த இனிப்புத்தான் என்னை உசுப்பியது. கம்பியைப் பார்த்து விலை குறைக்கும்போது எனக்கு ஒருநாளும் இனித்ததில்லை. ஆகவே இந்த மறுப்பில் எவ்வளவு தொழில், எவ்வளவு எரிச்சல் என்று பிரித்துப் பார்க்க நினைத்தேன். இதே வார்த்தையைச் சுருவிலார் சொல்லாமல், முன்பின் தெரியாத ஒருவர் சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று என்னையே கேட்டேன். அரிதானதற்கு விலை அதிகம் என்பது என் சொந்தப் பாடம். உலகத்தில் ஒன்றே ஒன்று இருப்பதைவிட அரிதானது என்ன இருக்கிறது? முன்பின் தெரியாதவர் என்றால், அட, இது எனக்குத் தோன்றவில்லையே என்று அவர் கையைப் பிடித்திருப்பேன்.

"ஓம். எஞ்சின் பெறும்" என்றேன். வலையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அவ்வளவு பெரிய மனது எனக்கில்லை.

சுவிஸ்காரர் வலையையும் கொடுத்தார். அன்ரன் ஓடிவந்து சுருவிலாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிறகு என்னைக் கண்டு, எனக்கும் ஒரு கை தந்தார்.

திரும்பி வரும்போது கடல் அமைதியாக இருந்தது. நான் சுருவிலாரின் பக்கத்தில் இருந்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"உமக்கு இந்த விலையெல்லாம் எப்பிடித் தெரியும்?"

"எனக்கெங்கை காணும் தெரியும்?" என்றார். "வாறவையிட்டை, ஊர்காவற்றுறையார் என்ன சொன்னவர் எண்டு கேட்பன். நீர் சொன்னா விலை சரியாத்தான் இருக்கும். நீர் பிழை எல்லாம் பாத்துக் கழிச்சுப்போடுவீர். மிச்சம் ஏதும் நல்லது கிடக்கோ எண்டு நான் வாசிச்சுப் பாப்பன். கிடந்தாக் கொஞ்சம் கூட்டுவன். அவ்வளவுதான்."

இதைச் சொல்லிவிட்டு மிச்ச வடையை எடுத்து நீட்டினார். பசித்தது. வாங்கித் தின்றேன். அது ருசியாகவும் இருந்தது, அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். இத்தனை காலமும் ஊர் மெச்சிய விலை என்னுடைய விலை. அடிக்கல் முழுவதும் நான். மேலே ஒரு பிடி அவர் வைத்துவிட்டுப் பெயரை எடுத்துக்கொண்டார். இதை ஊருக்குச் சொல்லலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் அன்ரனின் தாள் நினைவுக்கு வந்தது. அந்த ஒரு பிடியை என்னால் வைக்க முடியவில்லை, அவரால் முடிந்தது. யாரிடம் போய் என்னவென்று சொல்வது?

அன்ரன் தொழிலுக்குப் போகத் தொடங்கினார். முதல் மாதம் எனக்கு ஒரு பாரை மீன் அனுப்பிவைத்தார். சுருவிலுக்குப் போனது அதைவிடப் பெரிது என்று மச்சான் வந்து சொன்னான். அவன் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

கொஞ்சக் காலத்தில் சுருவிலாரைக் கனடாவிலிருந்த மகள் கூப்பிட்டுவிட்டாள். போகிற அன்றைக்கு என் கடைக்கு வந்து, "நீர் இனி நிம்மதியா இரும்" என்று சிரித்தார். நான் உண்மையாகவே நிம்மதியாகத்தான் இருந்தேன். இனித் தீவுப்பகுதியில் விலை சொல்ல நான் ஒருவன்தான். மேசையைத் துடைத்தேன். வருபவர்கள் இருக்க ஒரு நல்ல கதிரை வாங்கினேன். மனைவியிடம் சொல்லித் தேத்தண்ணிக்குக்கூட ஏற்பாடு செய்தேன்.

ஒருவரும் வரவில்லை. பாடப்புத்தகத்துக்கு வந்தார்கள், கொப்பிக்கு வந்தார்கள், பழைய காமிக்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு "இது என்ன பெறும்?" என்று கேட்டு ஒரு குருவிகூட வரவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு மச்சானிடம் கேட்டேன். "சுருவிலார்தான் இல்லையே, இப்ப என்னட்டை வாறதுக்கு என்ன?"

அவன் என்னை இரக்கமாகப் பார்த்தான். "அத்தான், முந்தியும் ஒருத்தரும் உங்களிட்டையெண்டு வரேல்லை. எல்லாரும் முதல் சுருவிலுக்குத்தான் போறவை. அந்தாள்தான், ஊர்காவற்றுறையாரிட்டைக் கேட்டுக்கொண்டு வா, இல்லாட்டிப் புத்தகத்தைத் தொடமாட்டன் எண்டு திருப்பி அனுப்புறது."

என் கடைக்கு ஆள் அனுப்பியதும் அவர்தான்.

பிறகு நாங்களும் தீவைவிட்டு வெளிக்கிட்டோம். யாழ்ப்பாணத்தில் திரும்பவும் ஒரு கடை போட்டேன். யாராவது ஒரு பழைய காமிக்ஸைக் கொண்டுவந்தால் இன்றைக்கும் கம்பியைப் பார்ப்பேன், மணந்து பார்ப்பேன், கழிக்கவேண்டியதைக் கழித்து விலை சொல்வேன். சொல்லி முடித்ததும், இதை இன்னொருவரிடமும் காட்டிக் கேட்டுக்கொண்டு வாருங்கள் என்று நாக்கு நுனிவரை வரும். எங்கே அனுப்புவது?

ஆகவே பக்கத்துத் தெருவில் உங்களைவிடக் கெட்டிக்காரன் ஒருவன் கடை வைத்திருந்தால் வயிறு எரியட்டும், பரவாயில்லை. அவன் கடை பூட்டவேண்டும் என்று மட்டும் நினைக்காதீர்கள். சுருவிலாரில் எனக்குள்ள கடைசிப் பொறாமையும் அதுதான். ஆள் அனுப்ப அவருக்கு நான் இருந்தேன். எனக்கு யாரும் இல்லை.